செங்கேணி பேரு வெச்ச தடம்

பீட்டரைப் பத்தி யாராவது கேட்டா எனக்கு மண்டை காஞ்சிடும். ஜெர்மனிக்காரரு. பெரிய படிப்பு, அங்க சொந்தமா வூடு, மாசம் பொறந்தா பென்சன். அத்தினியும் வுட்டுட்டு வருசா வருசம் ஐப்பசி மாசம் உத்திரமேரூர்ல பஸ்ஸு ஏறி எங்க தெருவுல வந்து எறங்குவாரு. இன்னா வேலைன்னு கேட்டா, கல்லுல பூச்சி ஊர்ந்த தடத்தைப் பாக்குறதாம். பூச்சி இல்ல. செத்த பூச்சியும் இல்ல. பூச்சி போன அப்புறம் கெடக்குற கோடு. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதுசுல இத்தக் கேட்டுட்டு, வெள்ளக்காரரு நம்மள நக்கல் பண்றாருன்னுதான் நெனைச்சேன்.

நக்கல் இல்ல, நெசமாவே அதான் வேலை. அவங்கப்பா ஏதோ மலையடிவாரத்து ஊருல ரொட்டி சுட்டு விக்கிறவராம். புள்ள காலேஜுல சேந்தப்போ வாத்தியாருங்க எல்லாம், பெரிய பெரிய மிருகத்தோட எலும்பு இருந்தா பாரு, பேப்பர்ல போட்டோ வரும்னாங்களாம். இவரு கேக்கல. "எலும்பு கெடைச்சா அது செத்துப் போச்சுன்னுதான் தெரியும் அம்முலு. தடம் கெடைச்சா, உயிரோட இருந்தப்போ அது இன்னா பண்ணிக்கினு இருந்துச்சுன்னு தெரியும்"னு எங்க வூட்ல உக்காந்து இட்லி துன்னுகினே சொன்னாரு. அது இன்னா பண்ணிக்கினு இருந்தா உனக்கு இன்னாண்ணேன்னு கேட்டேன். சிரிச்சிக்கினே இன்னொரு இட்லியை எடுத்துக்கினாரு. அவரு வூட்டுக்காரம்மாவும் இதே கேள்விதான் கேட்டுதாம். ரொம்ப வருசம் கேட்டுப் பாத்துட்டு போயிடுச்சாம்.

தமிழு அவருக்கு எங்க மாமனாரு செங்கேணி கத்துக் குடுத்தது. மாமனாரு கெணறு வெட்டுற கூலிக்காரரு. சொந்தமா ஒரு குழி நெலம் கெடையாது, ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல பாதி கெணறு அவரு கைதான். அவரு கெணறு வெட்டுற எடத்துல பீட்டரு மேட்டுல குந்திக்கினு, மேல வர்ற ஒவ்வொரு கல்லையும் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. கூலிக்காரங்ககிட்டயே பேசிப் பழகினதால சென்னை காலேஜுல போயும் "இன்னா கீது"ன்னுதான் பேசுவாராம். அங்க படிச்சவங்க வாயைப் பொத்திக்கினு சிரிப்பாங்களாம். சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க.

எம் பெரிய பொண்ணு வயித்துல கீறப்போ எங்க ஊரு பன்னீர்செல்வத்தோட கயனியில கெணறு வெட்டினாங்க. அடியில போகப் போக கல்லு பலகை பலகையா உரிஞ்சிக்கினு வந்துச்சு. அதுல ஒரு பலகையில வெரல் தடிமனுக்கு வளைஞ்சு வளைஞ்சு ஒரு கோடு. மாமனாரு கண்ணுலதான் பட்டுச்சு, மேல அனுப்பினாரு. பீட்டரு அத்தப் பாத்துட்டு அப்படியே சேத்துல உக்காந்துட்டாரு. இந்தக் கயனி ஒரு காலத்துல கடலாம். கடலுக்கு அடியில புழு ஒண்ணு ஊர்ந்து போச்சாம். இந்த மாதிரி தடத்தை ஒலகத்துலயே யாரும் பாத்ததில்லையாம். உத்திரமேரூர்ல ஏது கடலுன்னு நான் கொழம்பிப் போயிட்டேன். மாமனாரு மட்டும் தலையாட்டிக்கினே கேட்டுகினு இருந்தாரு.

அந்தக் கல்லு சென்னையில ஒரு காலேஜுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள போச்சு. பீட்டரு ஊருக்குப் போனாரு. அவரு போன வாரமே அடுத்த பலகை வந்துச்சு, அதே கோட்டோட மிச்சம். ஒரே சேறு, நாங்க யாரும் உத்துப் பாக்கல. "இது பீட்டருக்கு. பத்திரமா வைங்க"ன்னு மாமனாரு சொன்னாரு. மார்கழியில காய்ச்சல்ல வியுந்தாரு, எந்திரிக்கல.

பத்திரமா வைன்னா எங்க வைக்கிறது? அப்ப எங்களுது ஓலை வூடு. வெளிய போட்டா எவளாவது துணி தொவைக்கத் தூக்கிக்கினு போயிடுவா. எங்க வூட்டுக்காரு ஞானதாஸு யோசிச்சாரு. அப்பாரு கல்லறை மேல வெச்சா எவனும் கை வைக்க மாட்டான், அப்பாருக்கும் ஒரு கல்லாச்சுன்னாரு. வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு சுண்ணாம்பு அடிச்சு மெயுவத்தி நிக்க வைக்கணும், மேல் பக்கம் வழவழன்னு இருந்தாதான் ஆவும். அதனால கோடு போட்ட பக்கத்தைக் கீய போட்டு வெச்சிட்டோம்.

மறுவருசம் பீட்டரு வந்தாரு. கையில ஒரு புஸ்தகம். அந்தத் தடத்துக்கு வெச்ச பேருல கடைசியில செங்கேணின்னு எயுதியிருந்தாரு. ஒலகத்துல எவன் அந்தத் தடத்தைப் பத்திப் பேசினாலும் இனிமே அந்தப் பேரைத்தான் சொல்லியாவணுமாம். ஞானதாஸு அந்தப் பக்கத்தை போட்டோ புடிச்சு வெச்சிக்கினு ஊரெல்லாம் காட்டினாரு. "ஏ கெணத்துக்காரன் மவனே"ன்னு கூப்புடுறவங்களுக்கு எல்லாம் காட்டினாரு. எங்க சனத்துல எவன் பேரு புஸ்தகத்துல ஏறிச்சு? எனக்கும் பெருமைதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்.

மீதிக் கல்லு எங்க கீதுன்னு அப்பவே சொன்னோம், கூட்டிக்கினு போயும் காட்டினோம். கல்லைப் பாத்துக்கினே ரொம்ப நேரம் நின்னாரு. திருப்பிப் பாக்கட்டுமான்னு கேப்பாருன்னு நெனைச்சேன். கேக்கல. மெயுவத்தி ஏத்திட்டு வந்துட்டாரு. அதுக்கப்புறம் எத்தினியோ வருசம் அதே கததான். வாயைத் தெறந்து கேட்டா நாங்க இன்னா அடிக்கவா போறோம்? மரியாதைன்னு ஞானதாஸு சொல்லுவாரு. எனக்கு ஒண்ணும் பிடிபடல.

இந்த வருசம் ஆளே சரியில்ல. எளைச்சு, தாடி நரைச்சு வந்தாரு. வேற நாட்டுல எவனோ, அது பூச்சித் தடமே இல்லன்னு எயுதிட்டானாம். மீதிக் கல்லைப் பாத்தாதான் பதில் சொல்ல முடியுமாம். "ஒருவாட்டி திருப்பணும் ஞானதாஸ்"னு தரையைப் பாத்துக்கினே சொன்னாரு. அப்பாரு பேரு நிக்கணும்னா திருப்பித்தான் ஆவணும், வாண்ணேன்னாரு இவரு.

கல்லறைத் திருநாளுக்கு மொத நாளு மூணு பேரும் போனோம். புல்லு புடுங்கி, கடப்பாரை போட்டு நெம்பித் திருப்பினோம். நான் தண்ணி ஊத்தினேன். பீட்டரு தன் துண்டாலயே சேத்தைத் தொடைச்சாரு. வெரல் தடிமனுக்குக் கோடு வந்துச்சு. இன்னும் தொடைச்சாரு. கோடு சன்னமாச்சு. அப்புறம் ரெண்டாப் பிரிஞ்சுது. கல்லு முடியிற எடத்துல தலைமயிரு மாதிரி இழை இழையா ஓடிப் போச்சு.

"வேர்"னாரு.

இன்னா வேருண்ணேன்னு கேட்டேன். பூச்சி ஊர்ந்தா தடம் கடைசி வரைக்கும் ஒரே பருமனா இருக்குமாம். போகப் போகச் சன்னமாயி, கிளை விட்டா அது வேர் போன வழியாம். ஏதோ ஒரு மரம் கல்லு இடுக்குல வேரை வுட்டிருக்கு, அவ்ளோதான். "நான் தப்பா எயுதிட்டேன். இதைச் சொன்னா அந்தத் தடத்தோட பேரு போயிடும். செங்கேணி பேரும் போயிடும். இப்படி இருக்குமோன்னு பயந்துதான் இத்தினி வருசம் கேக்கல"ன்னாரு. அப்புறம் இவரு பக்கம் திரும்பி, "நீ வேணாம்னா சொல்ல மாட்டேன் ஞானதாஸ். சத்தியமா"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "வேணாம்ணே. யாரு பாத்தா? நாம மூணு பேருதான். கல்லைப் போட்டு மூடு. செத்தவரு பேரை இன்னாத்துக்கு அழிக்கிற? உன் சோலியைப் பாத்துக்கினு போ"ன்னு கத்திட்டேன். பீட்டரு என்னைப் பாத்த பார்வையில, நான் சொன்னதுதான் அவருக்கும் வேணும்னு தெரிஞ்சுது.

ஞானதாஸு போனை எடுத்து அந்தப் போட்டோவைப் பாத்தாரு. போன ரெண்டு மாசமும் அடுத்த ஊருல கெணத்து வேலைக்குப் போயி, தண்ணி வராம திரும்பின மனுசன். "தண்ணி இல்லாத கெணத்தை, இருக்குன்னு சொல்லி எங்கப்பாரு கூலி வாங்கினது இல்லண்ணே. வேருன்னே எயுதிடு"ன்னாரு. சொல்லிட்டு ஓன்னு அயுதாரு. இதே மனுசன் அப்பாரு செத்தன்னிக்குக் கூட அயுவல.

ரெண்டு பேருக்கும் பைத்தியம்னு நெனைச்சேன். இன்னும் அப்படித்தான் நெனைக்கிறேன். எவனோ ஒருத்தன் கேட்டான்னு இருந்த ஒரே பேரையும் தூக்கிக் குடுத்துட்டாங்க. ஆனா கல்லைத் திருப்பிப் போட நானும்தான் கை குடுத்தேன்.

பீட்டரு கல்லறைத் தோட்டத்து சொவரோரமாப் போயி ஒதுங்கி நின்னுட்டாரு. ஞானதாஸு பக்கெட்டுல சுண்ணாம்பைக் கலக்கினாரு. எங்க வூட்டு வயக்கத்துல கல்லறைக்கு மொத கோடு மூத்த புள்ளதான் அடிக்கணும். இவரு ஒரே புள்ள, இத்தினி வருசமா இவருதான் அடிச்சிக்கினு வர்றாரு. மட்டையை சுண்ணாம்புல முக்கி எடுத்துக்கினு சொவரோரம் போயி, பீட்டரு கையில குடுத்தாரு.

"மொதல்ல நீ அடி"ன்னாரு.