மேல்பாதி மரங்கள்

சிலமலையில் பிறந்தவளுக்கு மரம் என்றால் வேம்பு, புளி, தென்னை, கிணற்றடிப் பூவரசு. கல்யாணமாகி, குரங்கணிக்கு மேலே இருந்த எங்கள் ஏலத்தோட்டத்துக்கு ஏறிப் போனபோதுதான் பெயர் தெரியாத மரங்களைப் பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. தூரத்தில் இருந்து பார்த்தால் மலை முழுக்க ஒரே பச்சை. உள்ளே போனால் ஒரு மரத்தைப் போல அடுத்த மரம் இல்லை.

கோடைக்கு முன்னால் ஏலச்செடியின் தூரில் சருகு கூட்டிப் போடுவோம். ஈரம் காயாமல் இருக்கத்தான். கூடையில் அள்ளும்போதே என் கை நின்றுபோகும். ஒரு இலை கட்டைவிரல் அளவு, ஒன்று சுளகு அகலம். ஒன்றின் அடிப்புறம் தேய்த்து வைத்த செம்பு மாதிரி மின்னும். அது வெடிப்பலா, முள்ளு முள்ளாகக் காய்த்துக் குரங்குகளுக்குச் சோறு போடுகிற மரம். சந்தன வேம்பு, நாவல், குங்கிலியம் என்று சில மரங்கள் பழகின. மீதிக்குத் தோட்டத்தில் யாருக்குமே பெயர் தெரியாது.

“மரத்துக்கெல்லாம் ரேஷன் கார்டா எழுதப் போற? வெரசா அள்ளு” என்பார் என் வீட்டுக்காரர்.

தோட்டம் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. மூத்தாரிடம் நான் நேரே பேச மாட்டேன். அவருக்குச் சொல்ல வேண்டியதை, அவர் காதில் விழுகிற மாதிரி என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். எங்களில் அப்படித்தான்.

வெளிச்சம் கூடினால் காய் கூடும் என்று பக்கத்துத் தோட்டங்களில் மரத்தைக் குறைத்தார்கள். மூத்தாரும் கீழ்ப்பாதியில் பழைய மரங்களை வெட்டிக் கொடுத்துவிட்டு, வரிசையாகக் கல்யாண முருங்கை நட்டார். கிளையை வெட்டிப் போத்தாக ஊன்றினால் போதும், சீக்கிரமே வளர்ந்துவிடும். மேல்பாதியை மட்டும் பழைய மரங்களோடு அப்படியே விட்டிருந்தார். சில வருஷம் காய் நன்றாகவே பிடித்தது.

பிறகு, எண்பதுகளில் ஒரு வருஷம், மழை ஏமாற்றியது. கல்யாண முருங்கை இலை உதிர்த்தால் எல்லாம் சேர்ந்தே உதிர்க்கும். மற்ற வருஷங்களில் கோடை மழை விழுந்ததும் தளிர்த்துவிடும். அந்த வருஷம் எல்லா மரமும் குச்சியாகவே நின்றது. அதன் கீழே ஏலச்செடி வைக்கோலாகிப் போனது. எங்களுக்கு வேறு நிலம் இல்லை. மேல்பாதியும் போனால் மலையை விட்டு இறங்கிக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

அந்த நேரம் பார்த்துப் போடியிலிருந்து மர வியாபாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். மேல்பாதி மரங்களைக் கேட்டார். கையில் காசில்லாத நேரம். மூத்தாரும் கொடுத்துவிடலாமா என்று அரைமனதாக இருந்தார். மரத்தைப் பார்க்க எல்லோரும் ஏறினோம்.

“பாதித் தலைய மொட்டை அடிச்சாச்சு. மீதிய எதுக்குண்ணே வச்சிருக்கீக? லோடு ஏத்திருவோம்” என்றார் வியாபாரி.

கீழ்ப்பாதியில் மண் சூடு செருப்பைத் தாண்டிச் சுட்டது. மேல்பாதிக்குள் நுழைந்ததும் வியாபாரி தோள்துண்டை உதறிப் போர்த்திக்கொண்டார். அவ்வளவு குளிர்ச்சி. நான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு மரம் இலையில்லாமல் நின்றது. பக்கத்து மரம் செக்கச்செவேலென்று தளிர்த்திருந்தது. அடுத்தது பழைய இலையோடு கருகருவென்று நின்றது. ஒரே சமயத்தில் எல்லோரும் உதிர்த்துவிடக் கூடாது என்று தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட மாதிரி. ஒரு மரம் விட்ட இடைவெளியை இன்னொன்றின் கிளை வந்து மூடியிருந்தது. கீழே எங்கள் ஏலச்செடி வாடித்தான் இருந்தது, ஆனால் உயிரோடு இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சாமி கும்பிடும்போது கூட அப்படி ஆனதில்லை.

“ஏங்க, இதுல எதை வெட்டுனாலும் அந்த ஓட்டை வழியா வெயிலு இறங்கிருமே” என்றேன் என் வீட்டுக்காரரிடம். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

மூத்தார் என் பக்கம் திரும்பவில்லை. அண்ணாந்தபடியே நின்றார். பிறகு, “தம்பி, அந்தப் பிள்ளை சொன்னது எனக்குக் கேட்டுருச்சுன்னு சொல்லு” என்றார்.

வியாபாரி சிரித்துவிட்டார். “நல்ல குடும்பம்ணே. வந்ததுக்கு ஒரு காப்பித்தண்ணியாச்சும் குடுங்க” என்று கேட்டு, குடித்துவிட்டு ஜீப்பில் மலையிறங்கிப் போனார்.

மேல்பாதிக் காயை வைத்தே அந்தக் கஷ்டத்தைத் தாண்டினோம். மழை வந்ததும் பெரிய மரங்களின் அடியில் முளைத்த கன்றுகளைப் பெயர்த்துக் கீழ்ப்பாதியில் நட்டோம். நாவல் பிடித்தது, சந்தன வேம்பு பிடித்தது. வெடிப்பலாக் கன்று ஒன்றுகூட அந்த வெயிலில் நிற்கவில்லை.

கீழ்ப்பாதியை ஒட்டி ஒரு பெரிய மரம் இருந்தது. அந்த ஜாதியில் தோட்டத்திலேயே அது ஒன்றுதான். பக்கத்து மரங்கள் போனதில் காற்றும் வெயிலும் நேராக அடித்து, நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. பட்டுப்போகிற நேரத்தில் ஒரு வருஷம் பூத்தது. அதற்கு முன்னால் அது பூத்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. உச்சியெல்லாம் வெள்ளை வெள்ளையாக, கீழே வீடுவரைக்கும் வாசனை. கன்று போட விதைக்கு ஒரு காயாவது கிடைக்காதா என்று மூத்தார் தினமும் போய்ப் பார்த்தார். பூ எல்லாம் கொட்டியது. ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.