திங்கட்கிழமைகளில் மூச்சு வாங்கிய கார்

பாரிஸ் புறநகரான லா கூர்னெவ்வில், ஒரு தொடர்மாடியின் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் அந்தத் திங்கட்கிழமை மூன்று பேர் இருந்தோம். ரூ லூயி-பிளாங் தெருவில் ஓர் உணவகத்தில் சமைக்கிற, எல்லாரும் 'அண்ணை' என்று கூப்பிடுகிறவர், அதே உணவகத்தில் வார இறுதிகளில் கோப்பை கழுவும் நான், ஓல்னே-சூ-புவாவிலிருந்து வந்திருந்த அண்ணையின் கூட்டாளியான லொறிக்காரர். காரின் சொந்தக்காரர் இருக்கவில்லை. அவர் அண்ணையின் கூடப்பிறந்த தம்பி. தாயைக் கூட்டி வரவென்று ஊருக்குப் போனவர், அங்கே சண்டை உச்சத்தில் இருந்த 2009 தொடக்கத்தில் கொழும்பிலிருந்து ஒரு தரம் தொலைபேசியில் பேசினார். அதற்குப் பிறகு மூன்று வருடமாக ஒரு சொல்லும் இல்லை.

அவர் விட்டுப் போனது நீளமும் அகலமுமான ஒரு பழைய அமெரிக்கக் கார். ஏழு லீற்றருக்கு மேற்பட்ட எட்டுச் சிலிண்டர் எஞ்சின். 'பிக் புளொக்' என்பார்கள். அதைத் தானே பிரித்து, பெரிய கார்புரேட்டர் பூட்டி, வலுவை ஏற்றியிருந்தார். செய்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி ஒவ்வொன்றாகச் சரி போட்டு வந்திருக்கிறார். கடைசி வரியில் மட்டும் 'பெற்றோல் பம்ப்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. தாங்கியிலிருந்து பெற்றோலை எஞ்சினுக்கு இழுத்துக் கொடுக்கிற பம்ப் அது. அந்த வரிக்கு நாங்கள்தான் விடை எழுத வேண்டியிருந்தது.

தரிப்பிடத்தைத் திருத்தப் போவதாகவும், மாத முடிவுக்குள் எடுக்காத வாகனங்களை இழுத்துக்கொண்டு போவார்கள் என்றும் கடிதம் வந்திருந்தது. லொறிக்காரருடைய வீட்டு வளவில் இடம் இருந்தது. தன்னுடைய லொறியில் கட்டி இழுத்தால் அரை மணித்தியால வேலை என்றார் அவர். அண்ணை ஒப்பவில்லை.

"கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போறது சவத்தை. அவன்ர கார் தன்ர காலிலைதான் போகோணும்."

அதோடு பேச்சு முடிந்தது. கொப்பி என் கைக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வரை முடித்த முதல் ஆள் நான். அப்போது ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் இயந்திரவியல் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். ஓர் எஞ்சினையும் கையால் தொட்டிருக்கவில்லை என்பதை அண்ணையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கணக்குப் போட்டேன். ஐந்நூறு குதிரை வலு முழுவதையும் இழுத்தால் மணிக்கு நூற்றைம்பது லீற்றருக்கு மேலே பெற்றோல் வேண்டும். ஆனால் அழுத்தம் அரை 'பார்' அளவுக்குள் நிற்க வேண்டும். புதுக் கார்களின் பம்ப் மூன்று பார், அதற்கும் மேலே தள்ளும். இந்தக் கார்புரேட்டரை அது மூழ்கடித்துவிடும். எஞ்சினே ஆட்டி இயக்கும் பழைய பம்பின் சவ்வு காய்ந்து வெடித்திருந்தது. அதே வகையில் கொஞ்சம் பெரியது ஒன்றைத் தெரிவு செய்து வாங்கினேன். விலையை அண்ணை கேட்கவில்லை. "அவன்ர கார். அவன் வந்து கணக்குப் பார்க்கட்டும்" என்றார். பணம் இருந்த கடித உறையைத் தந்துவிட்டு அப்பால் திரும்பிக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை அதைப் பூட்டினோம். பழைய பெற்றோலை இறக்கி, தாங்கியைக் கழுத்து வரை புதிதாக நிரப்பினோம். முன் சக்கரத்தின் கீழே அண்ணை ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் பிடித்தது. நிலத்தடி முழுவதும் அதிர்ந்தது. என் பற்களுக்குள்ளே அந்தச் சத்தம் கேட்டது. அண்ணை அழுதார்.

ஏழாவது நிமிடம் அது நின்றது.

அந்தத் தரிப்பிடத்து விளக்கு தானாக அணைகிற வகை. எஞ்சின் நின்ற கையோடு அதுவும் அணைந்தது. இருட்டில் லொறிக்காரர் சுவரைத் தடவி விளக்கின் ஆளியை அமத்தினார். "எஞ்சினியர் தம்பி, உம்மட கணக்குக் குடிச்ச அளவுக்குக் கார் குடிக்கேல்லைப் போல" என்று சிரித்தார். பெற்றோல் இருக்கிறதா என்று பார்க்க, பின் இலக்கத்தகட்டுக்குப் பின்னால் இருந்த தாங்கி மூடியை அண்ணை திருகித் திறந்தார்.

கார் மூச்சு வாங்கியது. வேறு எப்படிச் சொல்வதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. நீரிலிருந்து தலையை எடுத்த ஒருவர் இழுப்பது போல நீளமாக, உள்நோக்கி ஒரு மூச்சு. அது முடிய, காரின் பின்பக்கத்தில் 'டொக்' என்று ஒரு தட்டு. லொறிக்காரரின் சிரிப்பு நின்றது.

அண்ணை பயப்படவில்லை. அதுதான் எனக்குக் கூடுதல் பயம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வேலைக்குப் போகுமுன் இங்கே வந்து, காருக்குக் கற்பூரம் காட்டுவதை அப்போதுதான் எங்களுக்குச் சொன்னார். கற்பூரம் எரிகிற நேரத்தில் இந்தத் தட்டு கேட்குமாம். ஒரு தட்டு, சில நாள் இரண்டு. தம்பியோடு கதைப்பாராம்.

"ஊரிலை எல்லாரும் படம் மாட்டச் சொல்லுகினம்" என்றார். "தட்டிக்கொண்டிருக்கிறவனுக்கு நான் எப்பிடி மாலை போடுறது?"

லொறிக்காரர் மூடியைத் திரும்பத் திருகிப் பூட்டினார்.

எஞ்சினை மறுபடி இயக்கினோம். பிடித்தது. பிறகு நின்றது. மூடியைத் திறந்தால் மூச்சு, தட்டு.

என் கணக்கில்தான் பிழை என்று நம்பினேன். அடுத்த திங்கட்கிழமைக்குள், மணிக்கு இருநூறு லீற்றர் தள்ளும் மின்சாரப் பம்ப் ஒன்றும், அழுத்தத்தைக் குறைத்துக் கொடுக்கும் கருவியும் வாங்கி, பம்பைத் தாங்கிக்குக் கிட்டப் பூட்டினேன். திறப்பைத் திருப்பியதும் எஞ்சின் தொடங்குமுன்பே அது இருட்டுக்குள் முனகத் தொடங்கும். இந்தத் தரம் ஐந்தாம் நிமிடமே எஞ்சின் நின்றது. பெரிய பம்ப், கெதியான சாவு. மூடியைத் திறக்கும்போது நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

"இன்னும் பெரிசாப் போடு" என்றார் அண்ணை. "அவனுக்குக் காணாதாம்."

கடைசித் திங்கட்கிழமை எஞ்சின் மறுபடி நின்றதும், மூடியைத் திறக்காமலே, இன்னும் பெரிய பம்புக்கு இடம் அளக்க நான் காரின் கீழே மல்லாந்து ஊர்ந்தேன். முகத்துக்கு மேலே தாங்கி. கைவிளக்கைப் பிடித்தபோது அதன் மேல் மூலையிலிருந்து ஒரு மெல்லிய றப்பர் குழாய் வளைந்து வருவதைக் கண்டேன். தாங்கிக்குள் காற்றுப் போகும் வழி அதுதான். அதன் வாயில் வைன் போத்தல் தக்கை ஒன்று. செதுக்கி இறுக்கி, கறுப்பு ஒட்டுநாடா சுற்றியிருந்தது. இழுத்தேன். என் காதுக்குப் பக்கத்திலேயே அந்த மூச்சு, முடிவில்லாமல். பிறகு நெற்றிக்கு மேலே தகரம் 'டொக்' என்று தன் வடிவத்துக்குத் திரும்பியது.

வெளியே வந்து தக்கையைக் காட்டினேன். அண்ணை அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"உது நான் வைச்சது" என்றார். முதல் வெள்ளிக்கிழமை கற்பூரம் கொளுத்தப் போனபோது பெற்றோல் மணந்ததாம். தீப் பிடித்தால் தம்பியின் கார் போய்விடுமே என்று, மணம் வந்த குழாயைத் தேடி, உணவகத்திலிருந்து ஒரு தக்கை கொண்டுவந்து அடைத்தாராம்.

நான் அங்கே நிறுத்தியிருக்கலாம். கண்டுபிடித்த சந்தோசம் என்னை விடவில்லை. காற்று போகாமல் பம்ப் இழுத்தால் தாங்கியின் தகரம் உள்வாங்கி நெளியும், மூடியைத் திறந்தால் நிமிரும் என்றேன். பின்சுவருக்கு அப்பால் கட்டடத்தின் கொதிகலன் இருக்கிறது. காலையில் அது சூடாக, அடைத்த தாங்கி வீங்கித் தட்டும் என்றேன். வகுப்பில் விடை சொல்கிற மாதிரி, ஒன்றும் விடாமல் சொன்னேன்.

"அப்ப வெள்ளிக்கிழமையிலையும்?" என்று கேட்டார் அண்ணை.

"ஓம் அண்ணை."

விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் ஒருவரும் ஆளியைத் தேடவில்லை.

எஞ்சின் அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. லொறிக்காரர்தான் ஓட்டினார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கார் மேலே ஏறி, வெளிச்சத்துக்கு வந்து, ஓல்னே வரை தன் காலிலேயே போனது. அண்ணை பக்கத்து இருக்கையில் தக்கையைக் கைக்குள் வைத்திருந்தார். வழியெல்லாம் பின்பக்கம் திரும்பிக் காது கொடுத்தபடி இருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவர் ஓல்னேக்குப் போய், கற்பூரம் கொளுத்தி, அது அணைந்த பிறகும் காரின் பின்னால் பத்து மணி வரை குந்தியிருந்ததாக லொறிக்காரர் தொலைபேசியில் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லையாம்.

அடுத்த நாள் நான் உணவகத்துக்குப் போனபோது அண்ணை வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமல், தம்பி வந்து பார்க்கட்டும் என்று விட்டிருந்த கணக்கை முதல் தடவையாக என்னிடம் கேட்டார்.

"கார் வேலைக்கு எல்லாமா எவ்வளவு முடிஞ்சது?"

பம்புகள் இரண்டு, அழுத்தம் குறைக்கும் கருவி, குழாய்கள், பெற்றோல்.

"அறுநூற்று நாற்பத்தேழு யூரோ" என்றேன்.