பச்சை வளையல் போட்ட கை

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. ஒரு பெண் ராட்டை முன் உட்கார்ந்து தறிக்கு நூல் சுற்றுகிறாள். கையில் பச்சைக் கண்ணாடி வளையல்கள். வருகிறவர்கள் எல்லோரும் "அம்மாவா?" என்பார்கள். ஆமாம் என்று சொல்லித் தொலைப்பேன். அது பாதிதான் நிஜம்.

ஐம்பதுகளில் திருப்பாச்சூரில் அப்பா லுங்கி நெய்துகொண்டிருந்தார். அவருக்கு நூல் சுற்றிக் கொடுப்பது முழுக்க அத்தையின் வேலை. அப்பாவின் தங்கை, சின்ன வயதிலேயே புருஷனை இழந்து எங்களோடு வந்துவிட்டவள். திருவள்ளூர்ப் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டருக்கு, வீட்டு வேலை செய்கிறவர்களைப் படம் எழுதுவதில் ஒரு பைத்தியம். அத்தை ராட்டை சுற்றுவதை எழுதலாமா என்று கேட்டார். வெறும் நெற்றியை எழுதி எவன் சுவரில் மாட்டுவான் என்று சொல்லிவிட்டு, அப்பா அம்மாவை உட்கார வைத்தார். அத்தை எதிரிலேயேதான் இருந்தாள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அம்மாவுக்கு ஓரிடத்தில் உட்கார வராது. முகம் எழுதி முடிந்ததும், உலை கொதிக்கிறது, கைக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று எழுந்து போய்விட்டாள். அத்தை உட்கார்ந்தாள். கைதானே என்று அப்பாவும் விட்டுவிட்டார். மாஸ்டரோ கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார். மறுநாள் அப்பா வந்து பார்த்தால், குங்குமம் வைத்த அம்மாவுக்கு மொட்டைக் கைகள். பதறிப்போய் வளையல் எழுதச் சொன்னார். போட்டுக் காட்டினால்தான் எழுத வரும் என்றார் மாஸ்டர். அப்பா தறிக்குழிக்குள் இறங்கிவிட்டார்.

அம்மா தன் கை வளையல்களில் பாதியைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"அண்ணன் இன்னா சொல்லுமோ, அண்ணி" என்றாள் அத்தை.

"அவருதான வளையல் வேணும்னாரு. போட்டுக்கினு சுத்து."

ராட்டை சுற்றச் சுற்ற வளையல் சத்தம் கேட்டது. உள்ளே தறி நின்றது. அம்மா பக்கத்தில் நின்றிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தறி மறுபடி ஓடியது. மாஸ்டர் தூரிகையைக் கழுவி வைத்த பிறகும் அத்தை சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் கிணற்றடியில் சோப்பு போட்டு, ஒன்றுகூட உடையாமல் கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

"ஒரு தபா ஒடச்சது போதும், அண்ணி" என்றாள்.

மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது படத்தை எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போனார். நேற்றும் ஒருவர் அதைப் பார்த்து "அம்மாவா?" என்றார். முகம் அம்மா என்றேன். நூல் பட்டுப் பட்டுக் கட்டைவிரல் நகம் பிளந்திருப்பதைத் தொட்டுக் காட்டி, இது என் அத்தை என்றேன். வளையலும் அவளுடையதுதான் என்றேன்.