காலையில் சூடாக இருந்த எஞ்சின்

நீங்கள் நம்பப் போவதில்லை, அது எனக்குத் தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே, "போய்யா, வேலையப் பாரு" என்று விரட்டியிருப்பேன். அவனியாபுரத்தில் இருபது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், விபத்தில் ஆள் செத்த வண்டிகளைக்கூடத் தனியாக நின்று பிரித்திருக்கிறேன், பேயாவது பிசாசாவது என்று சிரித்தவன்தான் நான்.

என் தங்கை ராணியின் வீட்டுக்காரர் முத்துப்பாண்டி சொந்தமாக டாக்ஸி ஓட்டினார். "காலையில மொத ஸ்டார்ட்ல ரெண்டு செகண்டு கரகரங்குது மச்சான், அப்பறம் சத்தமே இல்ல" என்றார். எஞ்சினுக்குள் ஓடுகிற டைமிங் செயின் தளர்ந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சத்தம் எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது மட்டும்தான் வரும், ஆயில் ஏறிவிட்டால் அடங்கிவிடும். ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் எந்தக் கொம்பனாலும் கண்டுபிடிக்க முடியாது. "ராத்திரி இங்கயே கெடக்கட்டும் மாப்ள, காலையில கேட்டுச் சொல்றேன்" என்றேன். வழக்கம்போல பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, ஷட்டரைப் பூட்டி, சாவிகளோடு வீட்டுக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்கு அவரும் வந்துவிட்டார். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்கு ஆட்களை ஏற்றிப் போக வேண்டுமாம். டீ வாங்க எதிர்க்கடைக்குப் போனார். நான் ஷட்டரைத் திறந்து பானெட்டைத் தூக்கினேன், முகத்தில் அனல் அடித்தது. எஞ்சினைத் தொட்டால் விரல் சுட்டுவிட்டது. அப்போதுதான் நூறு கிலோமீட்டர் ஓடி வந்த வண்டி மாதிரி இருந்தது. பேட்டரி ஒயர் நான் கழற்றிப் போட்டபடியே கிடந்தது.

ஒயரை மாட்டி ஸ்டார்ட் செய்தேன். நீளமான ஸ்க்ரூடிரைவரை எஞ்சினில் ஊன்றி, கைப்பிடியில் காதை வைத்துக் கேட்டேன். தையல் மிஷின் மாதிரி ஓடியது. சூடான எஞ்சினில் வேறு என்ன கேட்கும்? இன்னொரு ராத்திரி நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். ஏன் என்று கேட்பார், பூட்டிய பட்டறைக்குள் வண்டி தானாக ஓடியிருக்கிறது என்றா சொல்வது? ஊருக்கே தைரியம் சொல்கிறவன் ஆயிற்றே நான், வெட்கமாக இருந்தது. அவருக்கோ போன் மேல் போன். "என்ன மச்சான், கொண்டு போகலாமா?" என்றார். "சத்தம் ஒண்ணுமில்ல மாப்ள, போயிட்டு வாங்க" என்றேன். "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

ஆட்களை இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது, நான்குவழிச் சாலையில் செயின் அறுந்து வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. பின்னால் லாரி. அதற்குமேல் என்னால் சொல்ல முடியாது. பிறகு எஞ்சினை நானேதான் பிரித்தேன். செயினை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் உடைந்து கிடந்தது. எஞ்சின் மட்டும் ஜில்லென்று இருந்திருந்தால், அன்று காலை முதல் நொடியிலேயே கேட்டிருப்பேன். அவர் உயிரோடு இருந்திருப்பார்.

காரியம் முடிந்த சாயங்காலம் ராணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, வண்டி ஒங்க பட்டறையில கெடந்த அன்னைக்கு ராத்திரி இவரு என்னையத் தூங்கவே விடல. கண்ண மூடித்தான் கெடக்காரு, வலது காலு மட்டும் ஆக்சிலேட்டர மிதிக்கிற மாதிரி மிதிச்சுக்கிட்டே கெடக்கு. ஒடம்பெல்லாம் வேர்த்துத் தொப்பலா நனைஞ்சிருச்சு. எங்க போறீகன்னு கேட்டேன். இன்னுங் கொஞ்ச தூரந்தான்னாரு. நான் சிரிச்சேண்ணே."

காலையில் எஞ்சின் சூடாக இருந்ததை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அண்ணன் நன்றாகப் பார்த்துத்தான் அனுப்பினார், எங்கள் விதி இப்படி என்று இன்றைக்கும் எல்லோரிடமும் அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.