மகேந்திரராசா பார்க்காத கடைசிப் பத்து நிமிடம்

"நீங்கள்தான் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதில்லையே." இந்த வாக்கியத்தைக் கண்டுபிடித்தவன் என் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன். என் அடுத்த வீட்டுப் பெரியவர் மகேந்திரராசாவின் இருபத்திரண்டு கிறிஸ்துமஸை அது தின்றிருக்கிறது. அது போதாதென்று இப்போது அவர் மகளையும் பிடித்துக்கொண்டது.

அவருக்கு எழுபத்தொரு வயது. யாழ்ப்பாணத்துக்காரர். சண்டைக்குத் தப்பி லண்டன் போய், அங்கேயே முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். மனைவி இறந்த பிறகு, நாலு வருடத்துக்கு முன் அமெரிக்காவில், டெக்சஸின் ஃபிரிஸ்கோவில் டாக்டராக இருக்கும் ஒரே மகள் மதுஷாவின் வீட்டுக்கு வந்தார். எங்கள் தெருவில் நடந்து போகிற ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் தபால்பெட்டிக்குக்கூடக் காரில் போகிற ஜாதி. நான் ஈரோட்டுக்காரி, அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். முதலில் அவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை, ஆனால் கோபம் மட்டும் நன்றாகப் புரிந்தது. டெக்சஸ் வெயிலில் தொடங்கி மகள் வீட்டு மைக்ரோவேவ் வரை எல்லாவற்றோடும் அவருக்கு வழக்கு உண்டு.

லண்டனில் அவருக்கு இருபத்திரண்டு வருடம் பெட்ரோல் பங்கில் வேலை. பங்கை ஒட்டிய சின்னக் கடையில் கல்லாவில் நிற்க வேண்டும். கிறிஸ்துமஸ் அன்று ஊரே கடையை அடைத்துவிடும், பங்க் மட்டும் திறந்திருக்கும். வருகிறவர்கள் கேட்பது பேட்டரி. பிள்ளைக்குப் பொம்மை வாங்கிவிட்டு அதற்குள் போடுகிற பேட்டரியை மறந்துவிட்ட அப்பன்மார் மத்தியானத்துக்குமேல் ஓடி வருவார்கள். ஊரார் வீட்டுப் பொம்மைக் கார் ஓடுவதற்கு இவர் நின்று பேட்டரி விற்றார். சொந்தப் பிள்ளை வீட்டில் அம்மாவோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு ஒரு பழைய நகைச்சுவைத் தொடர் இருந்தது. ஒரு கஞ்சப் பஸ் டிரைவர், அவனோடு ஒரே வீட்டில் காலம் தள்ளுகிற மாமியார். அங்கிள் அதை 'பஸ்காரன் நாடகம்' என்றுதான் சொல்வார். அதன் கிறிஸ்துமஸ் பாகத்தை வருடா வருடம் அதே நாளில் போடுவார்கள். மாமியார் சமைத்துக் கொடுத்த வான்கோழியை டிரைவர் சீட்டுக்கடியில் மறந்துவிடுவான். அந்த பஸ்ஸை இன்னொருவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். மாமியாரும் மருமகனும் ஊர் முழுக்க வான்கோழியைத் துரத்துவார்கள். மொத்தம் ஐம்பது நிமிடம். நாற்பதாவது நிமிடத்தில் பஸ்ஸை மறிக்க மாமியார் நடுரோட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்த குட்டி டிவியில் இவர் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சொல்லிவைத்தாற்போல் அங்கேதான் ஒருவன் பேட்டரி கேட்டு வந்து நிற்பான்.

வீட்டுக்குப் போனதும் மதுஷா முடிவைச் சொல்ல வாயைத் திறப்பாள். "சொல்லாத பிள்ளை. அடுத்த வருசம் அப்பா வீட்ட நிப்பன், சேந்து பாப்பம்" என்பார். ஒரு வருடம் மனைவி அதை வீடியோ டேப்பில் பிடித்துவைத்தார். அதன்மேல் மதுஷாவே கார்ட்டூனைப் பிடித்துத் தொலைத்தாள். அவர் பங்க் வேலையை விட்டபோது மகள் அமெரிக்காவுக்குப் போய்விட்டிருந்தாள். இப்போது போனைத் தட்டினால் வந்துவிடும், அவர் தட்டமாட்டார். கிறிஸ்துமஸ் அன்றே பார்க்க வேண்டும், மகளோடு பார்க்க வேண்டும். வேறு என்ன கேட்டார் அந்த மனிதர்? காசிக்கா கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்?

அவர் இங்கே வந்த முதல் மூன்று கிறிஸ்துமஸும் மதுஷாவுக்கு டியூட்டி. இந்த வருடம் லீவு நிச்சயம் என்று சொல்லியிருந்தாள். மனிதர் இருபத்துநாலாம் தேதி காலையிலிருந்து மட்டன் ரோல்ஸ் சுற்றினார். எனக்கும் பத்து வந்தது. சாயங்காலம் மறுபடி கதவைத் தட்டினார், முகம் கறுத்திருந்தது.

"நாளைக்கும் அவளுக்கு வேலையாம். ஆரோ ஒராள் லீவாம். நீ கொண்டாடுறதில்லைத்தானே, செய்வியோ எண்டு கேட்டவையாம். இவளும் ஓமெண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்கிறாள்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தீபாவளிக்கு இவள் லீவு கேட்டபோது இதே ஆஸ்பத்திரியில், மூன்று மாதம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். பொங்கல் என்று ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் பண்டிகைக்கும் நமக்கு வேலை, நம் பண்டிகைக்கும் நமக்கு வேலை. அப்புறம் எப்போதுதான் வீட்டில் இருப்பது? பக்கத்து ஊர் பிளானோவில் என் ஆபீஸிலும் இதே கூத்துதான். லீவு நாளிலும் கூப்பிட்டால் வேலைக்கு உட்கார வேண்டியவர்களின் டிசம்பர் கடைசி வாரத்து ஆன்கால் பட்டியல், கோயில் நன்கொடைப் பட்டியல் மாதிரி இருக்கும், அத்தனையும் நம் ஆட்கள்.

"அவ வரலைன்னா என்ன அங்கிள், நாம போவோம். பிரேக்குல கார்லயே உக்காந்து பாத்துடலாம்" என்றேன். அவர் டோல்வே நெடுஞ்சாலையில் ஓட்டமாட்டார், அதனால் நான்தான் டிரைவர்.

மறுநாள் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் நின்றோம். தன் நோயாளிகளை ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ளும்படி இன்னொரு டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி உடுப்பான ஸ்க்ரப்ஸுக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு மதுஷா ஓடி வந்தாள். அவளை டிரைவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் பின்னால் போனேன். ஐபேடை டாஷ்போர்டில் சாய்த்துவைத்தோம். மனப்பாடமாகிவிட்ட காட்சிகளுக்கெல்லாம் அங்கிள் முதல் தடவை பார்க்கிறவர் போலச் சிரித்தார். மதுஷா திரையைப் பார்க்கவேயில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் நடுரோட்டில் உட்கார்ந்தாள். மதுஷாவின் போன் அடித்தது.

அவள் கேட்டுவிட்டு, "ஒரு பேஷன்ட்டுக்கு மூச்சு விடக் கஷ்டமா இருக்காம். நான் போகவேணும்" என்றாள்.

நான் வெடித்துவிட்டேன். "பேஷன்ட்டைப் பார்க்க வேண்டாங்கல, போ. ஆனா இன்னிக்கு நீ எதுக்கு இங்க இருக்கே? நீ கொண்டாடறதில்லைன்னு அவங்ககிட்ட எவன் சொன்னான்?"

"நான்தான் சொன்னனான் அக்கா." கதவில் கை வைத்தபடி சொன்னாள். "ஜாயின் பண்ணின முதல் வருசம். மற்ற ஆக்களுக்கெல்லாம் சின்னப் பிள்ளையள், பாவமா இருந்தது. நான் செய்யிறன், நாங்கள் கொண்டாடுறதில்லை எண்டு நானாத்தான் சொன்னன். பிறகு அது ரூல் மாதிரி வந்திட்டுது."

அங்கிள் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நானும் அப்பிடித்தான்" என்றார். "முதல் வருசம் மேனேஜருக்குப் பிள்ளை பிறந்த புதுசு. நீ வீட்ட போ, நான் நிக்கிறன், நாங்கள் கொண்டாடுறதில்லை எண்டு நான்தான் அவனுக்குச் சொன்னனான். பெரிய நல்லவன் எண்ட நினைப்பு எனக்கு."

என் ஆபீஸ் ஆன்கால் பட்டியலில் முதல் வருடம் என் பெயரை எழுதியதும் என் கைதான். யாரும் கேட்கவில்லை. நல்ல பெயர் வாங்க நானே போய் எழுதினேன்.

மதுஷா இறங்கி, குனிந்து, "மிச்சத்தை நீங்கள் பாருங்கோ அப்பா. பத்து நிமிசம்தானே" என்றாள்.

அவர் திரையைத் தொட்டு நிறுத்தினார். "அடுத்த வருசம் கேட்டினமெண்டா, கொண்டாடுறனாங்கள் எண்டு சொல்லு."

"என்னத்தையப்பா கொண்டாடுறம்? வீட்டில ஒரு மரம்கூட இல்லை."

"இதை" என்று ஐபேடைக் காட்டினார்.

அவள் கோட்டுப் பொத்தானைப் போட்டாள். பிறகு, "அடுத்த வருசம் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. இண்டைக்கே சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

நான் போனை எடுத்து, அடுத்த டிசம்பர் பட்டியலில் என் பெயர் வேண்டாம், நாங்கள் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறோம் என்று என் மேனேஜருக்கு எழுதி அனுப்பினேன். அங்கிள் ரோல்ஸ் டப்பாவைத் திறந்து எனக்கு ஒன்று நீட்டினார். மதுஷாவின் ஷிப்ட் முடிய ஏழு மணி ஆனது, நாங்கள் காரிலேயே காத்திருந்தோம். அதுவரை அந்த மாமியார் நடுரோட்டிலேயே உட்கார்ந்திருந்தாள், அவர் ஐபேடைத் தொடவேயில்லை.