இவரோட பிளஸ், அவரோட மைனஸ்

எங்காத்துக்காரர் சுப்பராமன் வருஷக்கணக்கா ஒரு மூலக்கூறோட குடித்தனம் பண்ணினார். பேரியம் ஃப்ளோரைடுன்னு பேரு. என்னோட பேசினதைவிட அதோட பேசினதுதான் ஜாஸ்தி. அடையாறுல ஆராய்ச்சி நிலையம், மயிலாப்பூர்ல ஆம், நடுவுல பஸ்லயும் அதே நெனப்பு. மந்தைவெளியில எறங்கவேண்டிய மனுஷன் லஸ் வரைக்கும் போயிட்டுத் திரும்பி நடந்து வருவார்.

அப்படி என்னன்னா கணக்குன்னு ஒருநாள் கேட்டே கேட்டுட்டேன். எலெக்ட்ரானோட மின்சுமை நட்டநடுவுல இல்லாம இம்மியிலும் இம்மி ஒரு பக்கமா ஒதுங்கியிருக்குமோன்னு சந்தேகமாம். ஒதுங்கியிருந்தா, காலம் முன்னாடி ஓடறதும் பின்னாடி ஓடறதும் ஒண்ணில்லேன்னு ஆயிடுமாம். பேரியம் மாதிரி கனத்த அணு இருக்கற மூலக்கூறுக்குள்ள அந்த ஒதுக்கல் பெருசாத் தெரியும். எத்தனை பெருசுன்னு இவர் கணக்குப் போட்டுச் சொல்லணும், வெளிநாட்டுல யாரோ அளந்து பார்ப்பா. எனக்குப் புரிஞ்சது அவ்வளவுதான், அதுவே போறும்.

இவருக்குக் கூட்டு, ராயப்பேட்டை வலியுல்லா. காலேஜ்ல பிசிக்ஸ் வாத்தியார், கூடப் படிச்ச சிநேகிதர். என் மச்சினன்மாரைப் பார்த்து அவரும் என்னை மன்னின்னுதான் கூப்பிடுவார். ரெண்டு பேருக்கும் ஒரு வழக்கம். ஒரே கணக்கை அவரவர் தனியா, மத்தவர்கிட்ட மூச்சு விடாம போடணும். முடிஞ்சதும் ஞாயித்துக்கிழமை எங்காத்துச் சாப்பாட்டு மேஜையில விடைச்சீட்டைக் கவுத்து வெச்சு, சேர்ந்தாப்பல திருப்பணும். ஒத்துப்போனாத்தான் அது விடை. ஒத்துப்போச்சுன்னா வலியுல்லா ரெண்டாவது காபி கேப்பார்.

தொண்ணூத்தாறுல ஒரு ஞாயித்துக்கிழமை பேரியம் ஃப்ளோரைடுக்கும் சீட்டு திருப்பினா. நம்பர் ஒண்ணேதான். ஆனா இவரோடதுல பிளஸ், அவரோடதுல மைனஸ்.

மொதல்ல சிரிச்சா ரெண்டு பேரும். வாரக்கணக்குல தேடியும் தப்பு கிடைக்கலேன்னதும் சிரிப்பு போயிடுத்து. உன் புரோகிராம்ல கோளாறுன்னு இவர் சொல்ல, நீ காலேஜ்லேயே மைனஸை முழுங்கறவன்னு அவர் சொல்ல, குரல் ஒசந்தது. வலியுல்லா காபியை அப்படியே வெச்சுட்டு எறங்கிப் போனார். அதுக்கப்பறம் வரவே இல்லை.

ஞாயித்துக்கிழமையானா இவர் டெலிபோன் பக்கத்துல பேப்பரை வெச்சிண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துண்டிருப்பார். நீங்கதான் போய்ப் பாருங்கோளேன்னா மூக்குக்கு மேல கோபம் வரும். எலெக்ட்ரான் ஒதுங்கினா என்ன, ஒதுங்காட்டா எனக்கென்ன? பொறந்தவன் மாதிரி இருந்தவர் ஒதுங்கிட்டாரே! கடைசியில நானே அவர் சம்சாரம் வஜீஹாவுக்குப் போன் போட்டேன். இந்த ஞாயித்துக்கிழமை காபி போட்டு வெச்சிருப்பேன், வரலேன்னா இனிமே என்னை மன்னின்னு கூப்பிட வேண்டாம்னு சொல்லிடுன்னேன்.

வந்தார். இவர் முகத்தைப் பார்க்காம மேஜையில ஒரு சீட்டைக் கவுத்தார். இவரும் உள்ளே போய்ச் சட்டைப் பையிலேர்ந்து ஒண்ணை எடுத்துண்டு வந்து கவுத்தார். திருப்பினா, அவரோடதுல பிளஸ், இவரோடதுல மைனஸ்.

"தப்பு எங்கேன்னு கண்டுபிடிச்சியா?"ன்னு இவர் கேட்டார்.

"இல்லை சுப்பு. எவ்வளவோ தேடிட்டேன். நீ தப்புப் பண்றவன் இல்லை. அப்போ நான்தானே பண்ணியிருக்கணும்?"

இவர் பண்ணினதும் அதேதானே. கணக்குல ஒரு எழுத்து மாத்தலை, சிநேகிதனுக்காகக் குறியை மட்டும் மாத்திண்டு வந்திருக்கா ரெண்டு அசடும். நான் சமையலுள்ளுக்குப் போய் முந்தானையால கண்ணைத் தொடைச்சிண்டேன்.

காபியோட திரும்பி வரேன், மறுபடியும் சண்டை. நீதான் சரின்னு அவர், இல்லை நீதான் சரின்னு இவர். சரி, மொதல் படத்துலேர்ந்து பார்ப்போம்னு பேப்பர் ஓரத்துல ஆளுக்கொரு படம் போட்டா. பேரியத்துக்கு ஒரு பெரிய வட்டம், ஃப்ளோரினுக்கு ஒரு சின்ன வட்டம், நடுவுல திசைக்கு ஒரு அம்பு. இவர் அம்பு ஃப்ளோரின்லேர்ந்து பேரியத்துக்குப் போறது, அவரோடது பேரியத்துலேர்ந்து ஃப்ளோரினுக்கு. அம்பைத் திருப்பினா குறியும் திரும்பிடுமாம், மொதல்ல வந்த பிளஸ்ஸும் மைனஸும் ஒரே விடைதானாம். எப்படிப் போட்டாலும் சரிதானாம், எந்தப் பக்கம்னு சொல்லிட்டுப் போடணும். அதுவரைக்கும் சேர்ந்து போட்டதெல்லாம் ஒத்தை அணு, அதுக்கு அம்பே வேண்டாம். அதனால ரெண்டு பேருக்கும் கேக்கணும்னே தோணலை.

இவர் கை வலியுல்லா தோள்மேல இருந்தது. அப்பறம் அவா சேர்ந்து எழுதின கட்டுரையில யாரோட அம்பைப் போட்டான்னு இன்னிவரைக்கும் நான் கேக்கலை.

வலியுல்லா காலி டம்ளரை என்கிட்ட நீட்டினார்.

"ஒத்துப்போச்சு மன்னி."