மோட்டார் ஓடும் முன் ஒரு கும்பிடு

தி. நகரில் இன்று காலை மழைத் தண்ணீர் எங்கள் வீட்டு வாசற்படிவரை ஏறிவிட்டது. தண்ணீரை இறைக்கும் மோட்டாரும் தெருவுக்கு வந்துவிட்டது. ஆனால் ஓடவில்லை.

"என்னப்பா, ரிப்பேரா?" என்று மோட்டார்காரரிடம் கேட்டேன்.

"இல்ல சார், கவுன்சிலர் அண்ணன் வந்துகினு கீறாரு. தண்ணி வத்திட்டா வீடியோல இன்னா தெரியும்?"

வடிகால் கேட்டு நான் கொடுத்த மனுக்களில் ஒன்றைக்கூடப் படிக்காத அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காரிலிருந்து தண்ணீரில் இறங்கினார்.

வீடியோ எடுப்பவர் என்னைக் கூப்பிட்டார். "அங்கிள், அண்ணனைப் பார்த்து சிரிச்சு ஒரு கும்பிடு போடுங்க. உடனே மோட்டாரைப் போட்டுடலாம்."

"வீட்டுக்குள்ள தண்ணி வருதுய்யா!"

"அதான் அங்கிள், சீக்கிரம்."

உள்ளே என் மனைவி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். கும்பிட்டேன். சிரிப்பு மட்டும் வரவில்லை.

"பரவால்ல அங்கிள், சிரிப்பை ஏஐல போட்டுக்கறேன்."

மோட்டார் ஓடியது. மதியத்துக்குள் ரீல்ஸும் ஓடியது. அதில் பல் தெரியச் சிரிக்கிறேன். கல்யாண ஆல்பத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை என்று மனைவி திரும்பத் திரும்பப் பார்க்கிறாள்.

லைக் போட்ட நண்பர்களே, கும்பிட்ட கைகள் மட்டும்தான் என்னுடையவை. உங்கள் தெருவில் இன்று யார் யார் சிரித்தீர்கள்?